விரிசலின் மேல் ஒரு விரல் சுண்ணாம்பு

அண்ணா,

இன்று காலை முற்றத்தில் சுண்ணாம்பு கரைத்தோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க நைனா வில்லியனூரிலிருந்து சுட்ட கிளிஞ்சல் ஒரு கூடை வாங்கி வந்திருந்தார். பானையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடியில் நெருப்பே இல்லாமல், பானை உள்ளுக்குள் முனக ஆரம்பித்தது. வெள்ளைச் சேறு நடுவில் உப்பி, வெடித்து, ஆவி விட்டது. ஈரக்கல்லும் உப்பும் எதையோ சுட்ட நாற்றமும் கலந்த அந்த வாசனை வந்ததும், கிளறிய துடுப்பைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

கடைசியாக நீ விடுப்பில் வந்தபோது உன் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். அதில் இதே வாசனைதான் இருந்தது. எத்தனை முறை அடித்துத் துவைத்தும் போகவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையைத் தாண்டிப் போகும்போது அது மூச்சு விடுவது போல எனக்குத் தோன்றும். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பாய்.

எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு இன்னும் மோசம். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். "இன்னா பாப்பா, வாயை வாடகைக்கு வுட்டுட்டியா?" என்று கேட்பாய். எழுதுவது மட்டும் மறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடப் போவதில்லை. போட ஊர் இல்லை.

ஆப்பிரிக்காக் கரையில், ஜிபுத்தியில், பிரெஞ்சுத் துரைகளுக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கிற வேலை உனக்கு. "ஏதனுக்கு எதிர்க்கரை" என்று நைனா பாகூர்க் கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லுவார். ஏதன் துறைமுகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. அந்த விடுப்பில் ஒரு நாள் மத்தியானம், சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே நீ சாதாரணமாகச் சொன்னாய்.

"அங்க தரை கிழியுது பாப்பா."

அம்மா கரண்டியை நிறுத்திவிட்டாள்.

"கடலைவிடப் பள்ளத்துல ஒரு ஏரி கீதும்மா. பாதி தண்ணி, பாதி உப்பு. வெள்ளை வெளேர்னு. சுத்தி எங்க பாத்தாலும் கறுப்புக் கல்லு. நடந்தா காலுக்குக் கீழ வெறும் பானையத் தட்டற மாதிரி சத்தம் வரும். நீள நீளமா வெடிப்பு. சில வெடிப்புல அனல் ஆவி வரும். காது வச்சுக் கேட்டா அடியில யாரோ தூங்கற மாதிரி இருக்கும்."

"அங்க போயி ஏன்டா காது வைக்கிற?" என்றாள் அம்மா.

நீ சிரித்தாய். வெடிப்பின் இரண்டு கரையையும் சேர்த்துக் குறுக்கே சுண்ணாம்புப் பட்டை பூசுவதுதான் உன் வேலையில் பாதி என்று சொன்னாய். தரை கண்ணுக்குத் தெரியாமல் விலகினால்கூடப் பட்டை இரண்டாகிவிடும். அவ்வப்போது நீ போய் எல்லாப் பட்டைகளையும் பார்த்து, உடைந்தவற்றுக்குப் பக்கத்தில் புதிதாகப் பூசிவிட்டுத் துரையிடம் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு பெரியப்பாவின் கரும்பாலையில் நடந்தது நினைவிருக்கிறதா? கிருமாம்பாக்கம் போகிற வழியில், பனைமரங்களுக்கு நடுவே அப்போதுதான் ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. நான் அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சோகை தள்ளிக்கொண்டிருந்தேன். சாறு காய்ச்சும் கொப்பரையைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தன் மாமாவிடம் நீ அந்த ஊர்க் கதையைச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டாய்.

"நெலம் கிழியுதா? ஒங்க தொரை ஊசி நூலு வாங்கித் தரலியாபா?" என்றார் அவர். கரும்பு சுமந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காத மாமா. ஒரு காலத்துல நம்ம நெலம், ஆப்பிரிக்கா, மதகாஸ்கர் எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கினு இருந்துச்சாம். கிழிஞ்சு வெலகிப் போயி நடுவுல கடல் வந்துச்சாம். தொரை சொல்றாரு. படிச்சவங்கள்லயே பாதிப் பேரு நம்பாம சிரிக்கிறாங்களாம்."

"அப்ப நான் சிரிச்சா தப்பே இல்ல. சரி, எதால கிழியுது? கத்தியா, கோடாலியா?"

வெடிப்புகளைப் பார்த்திருந்தாய். ஏன் வெடிக்கிறது என்பது உனக்கும் பிடிபடாமல்தான் இருந்தது. நீ வாயைத் திறந்து மூடுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் பேச வாய் வரவில்லை. உன் சட்டையை இழுத்துக் கொப்பரையைக் காட்டினேன்.

சாறு சூடேறும்போது அழுக்கெல்லாம் மேலே திரண்டு ஒரு போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். பார்த்தால் அசையாமல் கிடக்கும். அடியில் சாறு சும்மா இருப்பதில்லை. சூட்டில் நடுவில் மேலேறி வந்து இரண்டு பக்கமும் ஒதுங்கும். ஒதுங்கும்போது மேலே கிடக்கும் போர்வையையும் தன்னோடு இழுக்கும். இழுபட இழுபட நடு மெலியும். மெலிந்த இடம் கொஞ்சம் கீழே இறங்கிப் பள்ளமாகும். அப்புறம்தான் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் வழியே கொதிக்கிற சாறு பொங்கி வரும், போர்வையின் இரண்டு பாதியும் கொப்பரையின் இரண்டு ஓரத்துக்கும் விலகிப் போகும். அடுப்பு தள்ளுகிற நான் அதைத் தினமும் பார்க்கிறவள்.

நீ குனிந்து பார்த்தபடியே நின்றாய். புகை கண்ணில் ஏறியும் நகரவில்லை.

"பள்ளம் விழுந்தப்புறம்தான் கிழியுது" என்றாய் மெதுவாக. "அந்த உப்பு ஏரி ஏன் கடலுக்குக் கீழ கெடக்குதுன்னு இப்பதான் தெரியுது. நடு மெலிஞ்சு எறங்கி நிக்குது. இன்னும் கிழிஞ்சா கடல் உள்ள வந்துடும்."

"கடல் வர்றதுக்குள்ள நான் அழுக்க எடுக்கணும், நவுருபா" என்றார் கோவிந்தன் மாமா.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அதைச் சொன்னாய். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வழியில் யாருமில்லை. "கொப்பரை ஓரத்துல ஒட்டிக்கினு நின்னுதே கிழிஞ்ச பாதி, நம்ம ஊரு அதுலதான் கீது பாப்பா. இங்கயும் ஒரு நாள் இதே மாதிரி கிழிஞ்சிருக்கு. மீதிப் பாதி தெக்க எங்கியோ பனிக்கடியில கெடக்காம்." பாகூரில் குழாய் இறக்கிக் கிணறு தோண்டியபோது நெல்வயலுக்கு அடியிலிருந்து கரிய மக்கிய மரமும், அதற்குக் கீழே கிளிஞ்சலும் வந்ததை நினைவுபடுத்தினாய். மரம் எப்படி அவ்வளவு ஆழத்துக்குப் போனது, கடல் எப்படி வயலுக்கு அடியில் வந்தது என்று அன்று ஊரே பேசியது. யாருக்கும் விடை கிடைக்காமல் பேச்சு அப்படியே நின்றுபோனது.

அன்று முதல் வரப்பில் நடக்கும்போது எனக்குக் கால் கூசும். பச்சை நாற்றுக்கும் சேற்றுக்கும் கீழே ஒரு கிழிந்த ஓரம் இருக்கிறது, அதன் மேல்தான் நாம் சோறு வடிக்கிறோம், தூங்குகிறோம் என்று தோன்றும். இன்றும் தோன்றுகிறது.

நீ கிளம்புவதற்கு முன்னால் நம் பின்னறைச் சுவரைப் பார்த்தாய். ஏரிப் பக்கத்து மண்சுவர். தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு விரிசல், நான் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. "இது பூமி கிழியறது இல்ல. களிமண்ணு வெயில்ல சுருங்குது, மழையில ஊதுது, அவ்ளோதான். ஆனா சுவத்துக்கு எது இழுத்தா இன்னா?" என்று சொல்லி, அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்தெடுத்து, விரிசலுக்குக் குறுக்கே ஒற்றை விரலால் பூசினாய். உன் விரல் இழுத்த தடம் பட்டையில் அப்படியே நின்றது.

"இது முழுசா இருந்தா பயம் இல்லம்மா. ஒடஞ்சா இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது."

அம்மா பயபக்தியோடு தலையாட்டினாள். அதைப் பார்த்துதான் நீ வண்டியில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். "அம்மா அதுக்குக் குங்குமம் வச்சுடும் பாரு. நீதான் கவனிக்கணும். ஒடஞ்சுதுன்னா அம்மாவ வெளிய படுக்க வை. இன்னா பாப்பா, சரியா?" நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமையே குங்குமம் வைத்துவிட்டாள். நான் தனியாகச் சிரித்தேன்.

பிறகு உலகச் சண்டை வந்தது. கப்பல் நின்றது. உன் கடுதாசியும் நின்றது. மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் நைனா போய்க் கேட்டால், தகவல் இல்லை என்றார்கள். தகவல் இல்லாத அந்த நாட்களில்தான் பட்டைக்கு அர்த்தம் மாறிப்போனது. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அம்மா முதலில் பின்னறைக்குப் போவாள். "முழுசா கீது" என்பாள். அது சுவரைப் பற்றிய பேச்சாக இருந்தது. கொஞ்ச நாளில் "நல்லா கீறான்" என்றாள். போன பொங்கலுக்கு எல்லாச் சுவரையும் வெள்ளையடித்தபோது அந்தப் பட்டையைச் சுற்றி மட்டும் கை அகலத்துக்கு விட்டு அடிக்கச் சொன்னாள். பாயையும் அந்தச் சுவரோரமாகவே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள்.

இந்தப் புரட்டாசியில் காதர் பாய் வந்தார். வில்லியனூரில் மளிகை வைத்திருக்கும் குடும்பம். உன் கூடாரத்தில் சமையலுக்கு இருந்தவர் என்று சொன்னார். ஏதனுக்குப் படகில் தப்பி, பம்பாய் வந்து, ரயிலேறி வந்திருக்கிறார். கையில் ஒரு கறுப்புக் கல். உன் பெட்டிக்குள் இருந்ததாம். நைனா முற்றத்தில் பாய் விரித்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"காலையில சுண்ணாம்பு டப்பாவ எடுத்துக்கினு பட்டை பாக்கப் போச்சும்மா ஒங்க புள்ள. அன்னிக்கு ஒட்டகங்க படுக்கவே இல்ல. ஒரே பக்கமா பாத்துக்கினு நின்னுச்சுங்க. உச்சி வெயில்ல ஒரு குலுக்கு குலுக்குச்சு. சட்டியெல்லாம் உருண்டுடுச்சு. அப்பவே தேடிப் போனோம்." அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பழைய பட்டை ஒண்ணுகூட முழுசா இல்லம்மா. செருப்புத் தடம் சாம்பல் மண்ணுல தெளிவா தெரிஞ்சுது. ஒவ்வொரு பட்டையாண்டையும் நின்னு நின்னு போயிருக்கு. கடைசிப் பட்டை வரைக்கும் போவுது. அதுக்கப்புறம் தடம் இல்ல. திரும்பி வந்த தடமும் இல்ல."

"வெடிப்புல..." என்று நைனா ஆரம்பித்தார்.

"கயிறு எறக்கிப் பாத்தோம். கயிறு பத்தல. கூப்புட்டோம். நாங்க கூப்புட்டதுதான் திரும்பி வந்துச்சு."

அப்புறம் அம்மா கேட்டாள். "அந்தக் கடைசிப் பட்டை? அதுவும் ஒடஞ்சிருந்துச்சா?"

காதர் பாய் நிமிர்ந்து பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தார் போல. "அது மட்டும் புதுசும்மா. குலுக்கு நின்னப்புறம் பூசியிருக்கணும். முழுசா இருந்துச்சு. விரல் தடத்தோட."

"முழுசா இருந்துச்சு" என்றாள் அம்மா. முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. நேராக உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, காதர் பாயிடம் "சாப்புட்டுப் போங்க தம்பி" என்றாள்.

கருமாதியைப் பற்றி நைனா பேச்செடுக்கும்போதெல்லாம் அவள் சொன்னது அந்த ஒன்றுதான்: பட்டை முழுசா கீது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி நம் வேலி வரை வந்துவிட்டது. பின்னறைச் சுவரின் அடி ஊறிக் கறுத்தது. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சரசரவென்று, நெல்லை முறத்தில் சரிப்பது போல. மழை விட்டாலும் நிற்காது. காதை வைத்தேன். நீ சொன்ன மாதிரிதான் இருந்தது. யாரோ தூங்குகிறார்கள், புரண்டு படுக்கிறார்கள்.

ஒரு காலை, களைந்த அரிசியோடு பின்னறை வாசற்படியைத் தாண்டும்போது பார்த்தேன். பட்டையில் நூல் மாதிரி ஒரு கோடு. அம்மா அதன் முன்னால் குந்தியிருந்தாள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, கட்டைவிரலில் சுண்ணாம்பெடுத்து, குழந்தையின் காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி அந்தக் கோட்டின் மேல் தடவினாள். அதற்கு மேல் குங்குமம். அவ்வளவு பழகிய கை. பட்டை ஒரு விரல் தடிமனுக்கு உப்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எத்தனை நாளாக அது உடைந்துகொண்டிருந்தது, எத்தனை நாளாக அவள் உன்னை உயிரோடு வைத்திருந்தாள், தெரியாது.

அடுத்த நாளும் கோடு வந்தது. அடுத்த நாளும் பூசினாள். கார்த்திகை பிறந்து மழை வலுத்தது. சுவர் நடுவில் வயிறு வைத்துவிட்டது.

"ஏய், வெளிய வாடி. சுவரு ஊதிக்கினு கீது, கண்ணு தெரியலியா?" என்று நைனா கத்தினார்.

"நீ போய்யா. பட்டை முழுசா கீது. என் புள்ள சொல்லிட்டுப் போயிருக்கான்."

நைனா கையைப் பிடித்து இழுத்தார். அவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அந்தச் சரசரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால், அண்ணா, எங்கிருந்து குரல் வந்ததென்று தெரியவில்லை.

"நேத்து ஒடஞ்சுதும்மா" என்றேன். "நீ பூசினே. முந்தாநேத்தும் ஒடஞ்சுது."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். உன்னை நான்தான் தள்ளிவிட்டது போல.

"ஒடஞ்சா நான் இல்லன்னு அண்ணன் சொல்லலியே. ஒடஞ்சா வெளிய வந்துடுன்னுதானே சொன்னான். என்னைத் தனியா கூப்புட்டுச் சொன்னான். அம்மாவ வெளிய படுக்க வையின்னு. அவன் கடைசியா கேட்டது அது ஒண்ணுதாம்மா. அதை மட்டும் நீ செய்ய மாட்டேங்கிற."

அம்மா திரும்பிப் பட்டையைப் பார்த்தாள். கட்டைவிரலைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் அதைத் துடைத்தாள், காய்ந்த சுண்ணாம்பு உடனே போகவில்லை, மறுபடி மறுபடி துடைத்தாள். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினாள். "கைய புடி. காலு மரத்துப் போச்சு" என்றாள்.

மறுநாள், உலை கொதிக்கும் நேரத்தில் சுவர் உள்பக்கமாக விழுந்தது. அவள் பாய் போடும் இடம் முழுக்க மண். தூசி அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். சுவர் நின்ற இடத்தில், தரையில் கறுப்பாக ஒரு கோடு வேலியைத் தாண்டி ஏரிக்குள் ஓடியது. அதிலிருந்து உன் சட்டையின் வாசனை வந்தது. சேறு நாற்றம் என்றார் நைனா. இருக்கலாம். அம்மா அந்தக் கோட்டின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். எட்டிப் பார்க்கவில்லை.

மண்ணை அள்ளும்போது பட்டை கிடைத்தது. விரிசலோடு சரியாக இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காக, வெங்காயத்தை வெட்டியது போல. ஒவ்வொரு அடுக்கிலும் அம்மாவின் கட்டைவிரல், மங்கிய குங்குமம், அதைப் பிளந்த ஒரு கோடு. உள்ளே போகப் போகக் கோடு அகலமாகிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் அடியில் உன் விரல் தடம் இருந்தது. பாதி இதில், பாதி அதில்.

வீராம்பட்டினத்துக்குப் போகலாம் என்று அம்மாதான் சொன்னாள். உனக்கு வேண்டிய காரியங்களையெல்லாம் கடற்கரையில் நைனா செய்தார். காதர் பாயும் வந்து தள்ளி நின்றார். கடைசியில் அம்மா பட்டையின் ஒரு பாதியை மடியிலிருந்து எடுத்து, அலைக்குள் இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டு மெதுவாக விட்டாள். எறியவில்லை. கை வெளியே வந்தபோது கட்டைவிரல் சுத்தமாக இருந்தது.

ஊரார் சேர்ந்து புதுச் சுவர் எழுப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது காயும்போதே மூலையில் மெல்லிய விரிசல் விட்டிருக்கிறது. இன்று, கிணற்றடியிலிருந்து திரும்பி வந்து, பானையில் ஆறிய சுண்ணாம்பை வழித்து, குறுக்கே ஒரு விரலால் பூசினேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"குங்குமம் வைக்கட்டுமா?"

"வேணாம்மா."

"சரி" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி தினமும் நான் பார்ப்பேன். முழுசாக இருந்தால் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். உன்னைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மற்ற பாதி என் துணிப்பெட்டியில், உன் கறுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாருமில்லாதபோது எடுத்து அதன் உடைந்த ஓரத்தைத் தடவுவேன். இந்த ஓரத்தோடு பொருந்துவது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது கடலுக்கடியில் கிடக்கிறது. உன் விரல் தடத்தில் என் விரலை வைக்கிறேன். பாதி தூரம் போனதும் தடம் நின்றுவிடுகிறது.